ஒன்றும் நடக்காத படம் கேட்டவன்

அலமாரிச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்ட அன்று நீங்கள் மூன்று பேரும் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். நோட்டின் முதல் பக்கத்தில் நான் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டீர்கள். 'படம் கேட்டு வருகிறவனிடம் என்ன படம் வேண்டும் என்று முதலில் கேட்காதே. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேள்.' இது மாலுமிகள் நல மையமா, கல்யாணத் தரகர் ஆபீசா என்று உங்களில் ஒருத்தி சிரித்தாள். நானும் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். அன்று எனக்கு வழியனுப்பு விழா, கேக் வெட்டுகிற அவசரம். இப்போது வீட்டில் சும்மாதான் இருக்கிறேன், பதில் சொல்ல நேரமிருக்கிறது.

நம் மையத்துக்கு வருகிறவர்களை உங்களுக்கே தெரியும். துறைமுகத்தில் கப்பல் நிற்கும் இரண்டு மூன்று நாளில் ஓடி வந்து, வீட்டுக்குப் போன் பேசி, கேரம் போர்டில் நாலு காய் தட்டி, போகும்போது அலமாரியிலிருந்து படம் வாங்கிப் போவார்கள். நான் சேர்ந்தபோது கேசட், பிறகு சி.டி. தட்டு, பிறகு ஹார்டு டிஸ்க். எல்லாம் போனிலேயே இருக்கும்போது இது எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். நடுக்கடலில் நெட் சுற்றிக்கொண்டே நிற்கும்போது அந்த ஹார்டு டிஸ்க்கின் அருமை தெரியும்.

நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரி. வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவள். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, வ.உ.சி. துறைமுகத்து வாசலில் வேலை பார்த்தும், கடலை நிமிர்ந்து பார்த்தால் இன்றைக்கும் எனக்குத் தலை சுற்றும். கப்பலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் படம்தான். அதிலும் மெதுவாகப் போகும் படங்கள். யாரும் யாரையும் வெட்டாமல், ஒரு வீடும் நாலு மனிதர்களும் மட்டும் இருக்கிற படங்கள். அவற்றை நான் ஒரு ஆசையோடு எல்லோர் தலையிலும் கட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் கட்டிய தலை ஒரு இன்ஜின் அறைக்காரருடையது. வேலை முடிந்த களைப்போடு வந்தவரிடம், அருமையான படம் என்று ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் வந்து, தட்டு பழுது, படம் தொடக்கத்திலேயே நின்றுபோய்விடுகிறது என்றார். நான் தட்டை முந்தானையால் நன்றாகத் துடைத்து, மன்னிப்பும் கேட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கு மறுநாளும் அதே புகார். பிறகுதான் போட்டுப் பார்த்தேன். தட்டில் பழுதே இல்லை. படம் அப்படித்தான் தொடங்கும். ஒரு கிழவி ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்ப்பாள், நாலு நிமிடம் பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்த மனிதர் இரண்டு நாளும் அந்த நாலு நிமிடத்தில் அணைத்திருக்கிறார். எட்டு மணி நேரம் இரைச்சலில் நின்றுவிட்டு வந்தவருக்கு ஆடாத அசையாத கிழவியைக் கொடுத்தது என் புத்தி.

எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அவர் கப்பலில் ரேடியோ பார்த்து ஓய்வு பெற்றவர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் பேசுவார். படத்தில் குறை இல்லை, நேரத்தில்தான் குறை என்றார். இன்னொன்றும் சொன்னார். முடிவு தெரிந்தால் கெட்டுப்போகிற படத்துக்கு முடிவைச் சொல்லாதே. ஆனால் ஒன்றும் நடக்காத படத்தைக் கொடுக்கும்போது கதை முழுவதையும், முடிவு வரைக்கும், சொல்லியே கொடு. என்ன ஆகுமோ என்ற பதைப்பு இல்லாதவன்தான் என்ன இருக்கிறது என்று பார்ப்பான். அவர் சொன்னதைப் படங்களுக்கான யோசனை என்று மட்டுமே பல வருஷம் நினைத்திருந்தேன்.

இன்னாசி எனக்கு அப்படித்தான் பழக்கமானான். கீழவைப்பார்க்காரன், சரக்குக் கப்பலில் சமையல் வேலை. கப்பல் நம் ஊருக்கு வந்தாலும், லீவில் ஊருக்கு வந்தாலும் மையத்தை எட்டிப் பார்க்காமல் போகமாட்டான். முதல் தடவை அவன் கேட்டதே விநோதமாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவில் அவனுக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு. சண்டைப் படம் போட்டால் நாலு மணிக்கு உலை வைக்கப் போகும்போது கதை அந்தரத்தில் நிற்கிறது, மனசு அங்கேயே கிடந்து சோறு குழைந்துபோகிறது. எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஒன்றும் கெட்டுப்போகாத படம் இருக்கிறதா என்றான்.

இப்படி ஒரு ஆள் வரமாட்டானா என்றுதான் நான் காத்திருந்தேன். தனியாக வாழும் ஒரு பெண்ணின் படத்தை, கதை முழுவதும் சொல்லிக் கொடுத்தேன். அவள் காலையில் எழுவாள், வேலைக்குப் போவாள், வந்து சமைப்பாள், தூங்குவாள். அடுத்த தடவை வந்தபோது, அவள் அரிசி களைகிற முறை சரியில்லை, பாதி அரிசி தண்ணீரோடு போகிறது என்று குறை சொன்னான். இதற்குத்தானா என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னான்:

"ரெண்டாவது தடவ பாக்கையிலதான் தெரிஞ்சிது அக்கா. ஒருத்திதான் சாப்பிடுதா. ஆனா எப்பவும் ரெண்டு தட்டு கழுவி வைக்கா."

நான் அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்தவள். இரண்டாவது தட்டை நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு அவனுக்கென்றே படங்களை ஒதுக்கி வைப்பேன். பெரும்பாலும் வயதானவர்கள் இருக்கிற படங்கள். அவனுக்கு அவனுடைய அப்பாமேல் உயிர். அப்பா அந்தக் காலத்தில் சங்கு குளித்தவர். ஆழத்தில் முங்கி முங்கி இரண்டு காதும் போய்விட்டது. அதனால் போனில் பேசமாட்டார். இவன் வீடியோவில் கூப்பிட்டால், மருமகள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் வாசலில் கிடக்கிற நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, படத்தில் விழுகிறமாதிரி உட்காருவார். முடிக்கிற நேரத்தில் ஒரு கையைத் தூக்குவார். அவ்வளவுதான் அவர்கள் பேச்சு. எங்கப்பாவே ஒரு ஒண்ணும் நடக்காத படம்தான் அக்கா என்று இன்னாசி சொல்லுவான்.

கொரோனா வந்தபோது நீங்கள் யாரும் இங்கு இல்லை. கப்பல் வரும், சரக்கு இறங்கும், ஆனால் கப்பலில் இருக்கிறவர்கள் கரையில் கால் வைக்க முடியாது. ஒப்பந்தம் முடிந்தவர்கள்கூட இறங்க வழியில்லாமல் அதே கப்பலில் அடுத்த நாட்டுக்குப் போனார்கள். நாமும் மேலே ஏறக் கூடாது. வீட்டார் கொடுக்கிற பொட்டலங்களையும் ஹார்டு டிஸ்க்கையும் கப்பல் ஏணியின் அடியில் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். மேலிருந்து ஒருவர் வந்து மருந்து தெளித்து எடுத்துப் போவார். அந்த நாளில் இன்னாசியின் கப்பல் நிலக்கரி கொண்டு இங்கேயே வந்தது. மூன்று நாள் நிற்கும். அவன் வீடு அங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம். அவனுக்கு இன்னும் ஆறு மாதமாவது இறங்க வழியில்லை.

கப்பல் துறைமுகத்துக்குள் வந்து நின்ற காலையில் அவன் மனைவி ஜெனோவா ஒரு பையோடு மையத்துக்கு வந்தாள். கருவாடும் கருப்பட்டியும் இரண்டு கைலியும் இருந்தன. பையை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். நான் என்ன என்று கேட்டதும் உடைந்துவிட்டாள். மாமனார் இறந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. காலையில் கடுங்காப்பி குடித்துவிட்டு அந்த நாற்காலியிலேயே சாய்ந்திருக்கிறார். தூங்குகிறார் என்றுதான் இவள் நினைத்திருக்கிறாள். டம்ளர்கூடக் கையிலிருந்து விழவில்லையாம். கூட்டம் கூடக் கூடாத காலம். கோயிலில் பூசை வைத்து, பத்துப் பேர் போய், மண் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். இன்னாசிக்கு யாரும் சொல்லவில்லை.

"கடல்ல இருக்கவருக்குச் சாவு சொல்ல மாட்டாவ அக்கா எங்க வீட்டுல. அழுதாலும் எறங்கி வர முடியாதுல்லா. மாமா பேசவே மாட்டாவளே, அதுனால அவருக்குச் சந்தேகம் இல்ல. தூங்குதாவன்னு சொல்லிட்டு வாரேன். வந்த பெறவு நானே சொல்லிக்கிடுதேன்."

அவர் படம் கேட்டிருப்பார், சிரிப்புப் படமாகப் பார்த்துக் கொடுங்கள், வாயைத் திறந்துவிடாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தலையாட்டினேன். அவள் அழுதாள் என்பதற்காக ஆட்டிய தலை அது. யோசித்து ஆட்டியதில்லை.

இன்னாசியின் துண்டுச் சீட்டு ஏஜெண்ட் மூலம் ஏற்கெனவே வந்திருந்தது. 'ஒண்ணும் நடக்காத படம் ஒண்ணு.' அதை வைத்துக்கொண்டு அலமாரி முன்னால் அரை நாள் உட்கார்ந்தேன். சிரிப்புப் படம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஒருநாள் அவனுக்கு உண்மை தெரியும்போது, அன்றைக்குத் தான் எதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம் என்று அவன் கணக்குப் பார்ப்பான். சாவு வருகிற படத்தைத் தள்ளினேன். ஆஸ்பத்திரி வருவதைத் தள்ளினேன். பிறகு அப்பா மகன் படங்கள், அதன்பிறகு கிழவர்கள் வருகிற எல்லாமும். கடைசியில் ஒரு படம் மிஞ்சியது. அக்காள் தங்கை இரண்டு பேர் திருவிழாவுக்கு முன்னால் ஒரு வாரமாகத் தங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். வெளியிலிருந்து பால்காரர் மட்டும் வந்து போகிறார். அப்பா என்ற சொல்லே அதில் கிடையாது. பெரிய காரியம் சாதித்த நிம்மதியோடு அதை எடுத்துக் கொண்டுபோய் ஏணியடியில் வைத்தேன். மேலே கைப்பிடிக் கம்பிக்குப் பின்னாலிருந்து இன்னாசி கையாட்டினான். நானும் ஆட்டினேன். முகத்தில் மாஸ்க் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

மறுநாள் மதியம் இரண்டரை மணிக்கு அவன் போன் வந்தது. நான் பக்கத்துக் கப்பலுக்குப் பொட்டலம் கொடுக்கத் துறைமுகத்துக்குள்தான் இருந்தேன். அக்கா, கொஞ்சம் எங்க கப்பல் பக்கம் வாங்க, பாத்துப் பேசணும் என்றான். போனேன். மேலே அவன், கீழே நான், கிரேன் நிலக்கரியை அள்ளிக் கொட்டுகிற சத்தத்துக்கு நடுவில் இரண்டு பேர் காதிலும் போன். படம் பார்த்துவிட்டேன் என்றான். நன்றாக இருந்ததா என்று கேட்டேன்.

"அந்த வீட்டுல ஒரு அப்பா இருந்திருக்காரு அக்கா. செவத்துல எல்லா ஆணியையும் புடுங்கிட்டு வெள்ளையடிக்காளுவ. கதவுப் பக்கத்துல ஒரு ஆணிய மட்டும் விட்டுட்டுச் சுத்தி அடிக்காளுவ. சட்ட மாட்டுத ஆணி. ரெண்டு பேருக்கும் அது எட்டக்கூட எட்டாது."

அவன் நிறுத்தாமல் பேசினான். அவன் பேச்சில் அவசரமே இல்லை. மூன்று வாரமாக ஜெனோவா குசினிக்குள், அடுப்புப் பக்கம் நின்றுகொண்டுதான் பேசுகிறாளாம். முன்னெல்லாம் வாசலைப் பார்க்க நின்று பேசுவாள். அப்பா நாற்காலியை இழுக்கிற சத்தம் தரையில் கரகரவென்று கேட்கும். இப்போது நாற்காலியும் தெரியவில்லை, சத்தமும் இல்லை. அதைக்கூட அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம்.

"ஆனா நீங்க எனக்கு எப்பவும் வயசாளிய இருக்க படமாத்தான குடுப்பிய. இந்தத் தடவ பொறுக்கி எடுத்து, ஒரு கெழவன்கூட இல்லாத படமாக் குடுத்திருக்கிய. நீங்க சும்மா அப்படிச் செய்யமாட்டிய. அப்பா இருக்காவளா அக்கா?"

இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஜெனோவாவுக்குக் கொடுத்த வாக்கு நிற்கும். ஆனால் அவன் நான் எவ்வளவு நேரம் பேசாமல் நிற்கிறேன் என்பதையும் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கக் கற்றுக்கொண்டவன். கற்றுக்கொடுத்தேன் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். ஒன்று மட்டும் அந்த நேரத்தில் சரியாகச் செய்தேன். அவன் சாய்ந்து நின்ற கம்பியையும் அதற்குக் கீழே இருந்த உயரத்தையும் பார்த்தேன்.

"இன்னாசி, மொதல்ல அந்தக் கம்பியை விட்டுத் தள்ளி வா. கீழ உக்காரு. பக்கத்துல யாராவது ஒரு ஆளக் கூப்பிட்டு வச்சுக்கோ. பெறவு சொல்லுதேன்."

அதற்கே அவனுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் சொன்னபடி செய்தான். தளத்து வேலை பார்க்கிற பெரியவர் ஒருவர் வந்து அவன் தோளில் கை வைத்ததைப் பார்த்தபிறகு, நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். எந்தக் கிழமை, எத்தனை மணி, கடுங்காப்பி, கையிலேயே நின்ற டம்ளர், பத்துப் பேர், எந்தப் பக்கம் கல்லறை. எனக்கு முன்னால் மேசையில் இருந்தவர் சொன்னது எனக்கு அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. முடிவைத் தெரிந்துகொண்டவனுக்குப் பாதிக் கதை கொடுப்பது கொடுமை. அவன் முப்பதாம் நாள் பூசை என்றைக்கு என்று கேட்டான். இன்னும் ஏழு நாள் இருக்கிறது என்றேன். நாலு மணிக்கு உலை வைக்கணும் அக்கா என்று சொல்லி எழுந்து போனான். அன்று ராத்திரிச் சாப்பாடு நேரத்துக்கு வந்தது என்று அந்தப் பெரியவர் பிறகு சொன்னார்.

நான் சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். அவனுக்காக அழுதேன், என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தும் அழுதேன். வாயால் சொல்லவேண்டியதை ஒரு படத்தின் பின்னால் ஒளித்து வைக்கப் பார்த்தேன். ஒளித்த கையே காட்டிக்கொடுத்துவிட்டது. நோட்டின் முதல் பக்கத்துச் சிவப்பு மை வரியை அன்று ராத்திரிதான் எழுதினேன்.

ஜெனோவாவை நானே கூப்பிட்டுச் சொன்னேன். ஒங்கள நம்பித்தான சொன்னேன், ஒரு நாள் தாங்கலியே ஒங்க வாயி என்றாள். இன்னும் என்னென்னவோ சொன்னாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன், எனக்கு அது உரியதுதான். போனை வைத்துவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டு, அவர் எதை வைத்துக் கண்டுபிடித்தார் என்று கேட்டாள்.

"நீ நாற்காலியக் காட்ட மாட்டேங்கியாம், ஏளா. அதையும் நான் பொறுக்கிக் குடுத்த படத்தையும் வச்சுத்தான்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மாலை கப்பல் கிளம்ப வேண்டும். வழிகாட்டிப் படகு வருவதற்கு முன்னால் இன்னாசி கூப்பிட்டான். ஹார்டு டிஸ்க்கைத் திருப்பி அனுப்பவில்லை, நானே வைத்துக்கொள்கிறேன் என்றான். வைத்துக்கொள் என்றேன். அலமாரிப் பட்டியலில் நாற்பத்தோராவது எண்ணுக்கு நேராகப் பெட்டி காலியாக இருப்பது அதனால்தான், தேடாதீர்கள். பிறகு, ஜெனோவா பேசினாளா என்று கேட்டேன்.

பேசவில்லையாம். மதியம் இரண்டு மணிக்கு வீடியோவில் கூப்பிட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லாமல் போனை வாசலுக்கு எதிரே அலமாரித் தட்டில் சாய்த்து வைத்தாள். உள்ளே கொண்டுபோய்ப் போட்டிருந்த நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு வந்து, பழைய இடத்திலேயே போட்டாள். அதன் முதுகில் அப்பாவின் துண்டைப் போட்டாள். போய்விட்டாள். இவன் தன் அறையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன். இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்தவள் கேட்கிற கேள்வியா அது. வாயில் வந்துவிட்டது.

"ஒண்ணும் நடக்கல அக்கா. வெயில் நாற்காலிக் கால்ல இருந்து துண்டு வரைக்கும் ஏறிச்சு. ஒரு கோழி வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு. நாலு மணிக்கு உலை வைக்கப் போகணும்னு எந்திரிச்சேன். எப்படி முடிக்கன்னு தெரியல. பெறவு, அப்பா தூக்குத மாதிரி, நான் ஒரு கையத் தூக்கிட்டு வச்சேன்."